பற்றேட்டிலிருந்து கைப்பேசிக்கு: பேராத் தோட்டப்புற மக்களின் வாணிக வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் தலைவர்களைக் கொண்டும் போராட்டங்களைக் கொண்டும் எழுதுவது வழக்கம். அச்சமுதாயம் தன் அரிசியையும் துணியையும் யாரிடம் வாங்கிற்று, என்ன விலைக்கு வாங்கிற்று, எந்த நிபந்தனையின் பேரில் வாங்கிற்று என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் உழைப்பவன் கையிற்கு வந்த கூலி எவ்வழியே வெளியேறிற்று என்பதை அறியாமல் அவன் வாழ்வை முழுமையாக அறிதல் இயலாது. பேரா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் நான்கு தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்க்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும்.

இன்று, முன்னாள் தோட்டக் குடியிருப்பு ஒன்றின் செம்மண் பாதையில் பொதி சுமந்த மோட்டார் சைக்கிள் வருகிறது. அதில் வரும் இளைஞன் கைப்பேசியைப் பார்த்துப் பெயரைக் கூவுகிறான். சேலையோ, சமையற் பாத்திரமோ, பள்ளிக் காலணியோ கைமாறுகிறது. இக்காட்சி புதியதுபோல் தோன்றினும், இதன் பின்னே நூறாண்டுக் கதை ஒன்று உண்டு. அக்கதையை அறிந்தால்தான் இயங்கலை வாணிகம் தந்துள்ள நன்மையையும் அது கொண்டுவந்துள்ள இடரையும் சரியாக எடைபோட முடியும்.

தோட்டமும் கடையும்

மலாயாவில் இரப்பர் மரம் வேரூன்றிய தொடக்க இடங்களுள் பேராவின் கோலகங்சார் தலையாயது. 1877ஆம் ஆண்டில் அங்கு நடப்பெற்ற கன்றுகளுள் ஒன்று முதுமரமாக இன்றும் காட்டப்பெறுகிறது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுவரை ஓடிய இரயிலே மலாய் மாநிலங்களின் முதல் இரயில். ஈயத்திற்காகப் போடப்பெற்ற பாதைகள் பின்னர் இரப்பருக்கும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி, சக்கர உறைகளுக்கு இரப்பர் தேவைப்பட்டபோது, கிந்தாப் பள்ளத்தாக்கைச் சுற்றியும், சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பகுதிகளிலும் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து கங்காணிகளின் வழியே தொழிலாளர் வந்து லயங்களில் குடியேறினர்.

பட்டணம் தொலைவில் இருந்தது. பாதையோ சேறு. வேலை விடியலில் பிரட்டுடன் தொடங்கிப் பாலை நிறுத்துக் கொடுப்பதில் முடிந்தது. இந்நிலையில் தொழிலாளி எல்லாவற்றிற்கும் நம்பியிருந்தது தோட்டத்துக் கடையை. அரிசி, பருப்பு, கருவாடு, மிளகாய், மண்ணெண்ணெய், வெற்றிலை, புகையிலை என அனைத்தும் அங்கேயே கிடைத்தன. கூலி மாதம் ஒருமுறை, பசியோ நாள்தோறும். ஆகவே வாங்கியவை பற்றேட்டில் ஏறின. பிற்காலத்தில், அட்டையில் '555' என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேடு அப்பற்றேட்டின் வடிவாயிற்று. மலேசியாவில் கடன் என்றாலே அவ்வெண் நினைவிற்கு வருமளவிற்கு அது பெயர்பெற்றது.

இக்கடைகளைச் சில தோட்டங்களில் கங்காணிகளே நடத்தினர். ஆளைக் கூட்டிவந்தவனும், வேலை ஏவியவனும், அரிசி விற்றவனும், கடன் எழுதியவனும் ஒருவனாகவே இருந்துவிட்டால் தொழிலாளியின் நிலை என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எழுத்தறியாதவனுக்குப் பற்றேடு ஒரு புதிர். எழுதியவன் சொன்னதே கணக்கு. சம்பள நாளன்று கடைக்காரன் அலுவலகத்தின் அருகே நிற்க, கூலி ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறுவதைப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தனர்.

ஆயினும் தோட்டத்துக் கடையை வெறும் சுரண்டற் கூடமென ஒதுக்குவது நேர்மையன்று. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று கூலி குறைந்தபோது அரிசி கொடுத்ததும் அக்கடையே. மரணம், மகப்பேறு, திருவிழா என்று வந்தபோது முன்பின் யோசியாமல் பொருள் அளந்ததும் அக்கடையே. முகம் தெரிந்த மனிதனிடத்தில் கடன் இருந்தது. அம்மனிதனிடம் கெஞ்சவும் சினக்கவும் வழி இருந்தது.

கடைக்கு அப்பாலும் வாணிகர் இருந்தனர். சைக்கிளில் துணிமூட்டை கட்டிவந்து தவணையில் விற்றோர், ரொட்டி விற்றோர், பாத்திரக்காரர், சம்பள நாட்களில் கூடிய சிறு சந்தையினர் என்று பலர் லயங்களின் வாயிலுக்கே வந்தனர். பொருள் வாங்குவோனைத் தேடி வீட்டுவாசலுக்கு வருவது இன்றைய கண்டுபிடிப்பன்று என்பதற்கு இவர்களே சான்று.

கூலிக்குக் கிடைத்த விடுதலை

வாங்குவோன் தன் காலில் நிற்க வேண்டுமாயின் அவனுக்குச் சேமிப்பு வேண்டும், சங்கம் வேண்டும், சட்டம் வேண்டும். இம்மூன்றும் மெல்ல மெல்ல வந்தன. ஐக்கிய மலாய் மாநிலங்களின் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1922இல் இயற்றப்பெற்ற பின்னர், தோட்டத் தொழிலாளரிடையே சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றலாயின.

இடையே போர் வந்தது. 1942 முதல் 1945 வரையிலான சப்பானிய ஆட்சியில் அரிசி அருமையாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. வாழைமரப் படம் பொறித்த நோட்டுகள் ஆட்சி முடிந்த அன்றே வெறும் தாளாயின. பணம் என்பது அச்சடித்தவன்மீது வைக்கும் நம்பிக்கையே என்ற பாடத்தை அத்தலைமுறை பசியால் கற்றது.

1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு சென்றுவிடாதபடி அரசு கடைகளைக் கட்டுப்படுத்திற்று. உணவுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில், தகரப் பேழைகளில் அடைத்த உணவை விற்கும்போதே துளையிட்டுத் தரவேண்டும் என்னும் விதியும் இருந்தது. துளையிட்ட உணவைப் பதுக்க இயலாதன்றோ! ஒரு பேழை மீன் வாங்குவதும் அரசியலாயிற்று.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதற்கடுத்த ஆண்டு வந்த 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழிலாளி தன் கூலியை இன்ன இடத்தில்தான், இன்னாரிடம்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பதைச் செல்லாததாக்கிற்று. இச்சிறு விதியின் பெருமையை உணர்ந்தோர் குறைவு. வேலை செய்யுமிடமும் பொருள் வாங்குமிடமும் ஒரே கட்டாயத்தால் பிணைக்கப்படலாகாது என்னும் அறத்தை அது சட்டமாக்கிற்று.

துண்டாடலுக்குப் பின்

சட்டம் தந்த உரிமையைத் தொழிலாளர் நுகரத் தொடங்கிய வேளையில் தோட்டங்களே சிதையலாயின. ஐரோப்பியக் குழுமங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டனர். இத்துண்டாடலுக்கு எதிராக எழுந்த முயற்சிகளுள் சிறந்தது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். பற்றேட்டில் பெயர் எழுதப்பெற்றவர்கள் பங்கேட்டில் பெயர் பெற்றனர் என்பது வரலாற்றில் மறக்கலாகாத மாற்றம்.

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை பெறாத பலர் வேலையிழந்து தாயகம் திரும்பினர். பின்னர் இரப்பர் மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு இரப்பரைப்போல் அத்தனை கைகள் வேண்டியதில்லை. பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. லயங்கள் காலியாக, அவற்றை நம்பியிருந்த கடைகளும் கதவடைத்தன. மக்கள் ஈப்போ, புந்தோங், பத்து காஜா, சுங்கை சிப்புட் எனச் சிறு நகர்களையும் பட்டணங்களையும் நாடினர்.

பட்டணம் வேறொரு வாணிகத்தைக் காட்டிற்று. ஈப்போவின் லகாட் சாலைப் பகுதியில் துணிக்கடைகளும், நகைக்கடைகளும், மளிகைக்கடைகளும் நிறைந்தன. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சுற்றுவட்டாரத்து மக்கள் அங்கே திரள்வது ஒரு திருவிழாவாயிற்று. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ்த் தவணைமுறை ஒழுங்கு பெற்றது. 1974 இறுதியில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தேசியச் சேமிப்பு வங்கியாக மாறிற்று. 1985இல் உலக ஈயச் சந்தை வீழ்ந்தபோது கிந்தா நகரங்களின் கடைத்தெருக்களும் தளர்ந்தன. இளைஞர் பினாங்கிற்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் பெயர்ந்தனர். எஞ்சிய முன்னாள் தோட்டக் குடியிருப்புகளில் முதியோரும், பேரப்பிள்ளைகளும், குறைந்த வருவாய்க் குடும்பங்களும் தங்கினர். இணையம் வந்து சேர்ந்தது இத்தகைய மண்ணில்தான்.

இணையச் சந்தையின் எழுச்சி

மலேசிய அரசு 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தை அறிவித்தது. மின்னியல் கையொப்பச் சட்டமும் கணினிக் குற்றச் சட்டமும் 1997இல் வந்தன. 2000ஆம் ஆண்டில் மேபேங்க் இணையவழி வங்கிச் சேவையைத் தொடங்கிற்று. 2006இல் மின்வணிகச் சட்டம் நிறைவேறி, மின்வழி உடன்பாட்டிற்குத் தாள்வழி உடன்பாட்டின் மதிப்பை வழங்கிற்று. இவையெல்லாம் அடித்தளங்களே. தோட்டப்புறத்தில் கணினியும் இல்லை, கடனட்டையும் இல்லை. எனவே முதல் பதினைந்து ஆண்டுகள் இணைய வாணிகம் நகரத்தாரின் வசதியாகவே நின்றது.

நிலைமையை மாற்றியது திறன்பேசி. 2012இல் லசாடா, சலோரா ஆகிய சந்தைகளும், 2015இல் ஷோப்பியும் மலேசியாவில் கால் வைத்தன. எல்லாரும் வென்றனர் என்பதில்லை. சப்பானின் ரக்குத்தென் 2012இல் வந்து 2016இல் கடையைக் கட்டிற்று. நிலைத்தவை பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையையும், கழிவு விலையையும், இலவச அனுப்புகையையும் காட்டி மக்களை ஈர்த்தன. மாதக் கூலியை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு இக்கழிவுகள் சிறியவை அல்ல.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. கடைத்தெரு அடங்கிற்று, பள்ளி வீட்டிற்குள் வந்தது. அதுவரை கைப்பேசியில் பொருள் வாங்கத் தயங்கியோரும் வேறு வழியின்றி வாங்கலாயினர். நாட்டின் மின்வணிக வருவாய் 2021இல் முதன்முறையாக ஓர் இலட்சம் கோடி ரிங்கிட்டைக் கடந்தது. இதில் பெரும்பகுதி நிறுவனங்கள் தமக்குள் நடத்திய வாணிகம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அதே ஆண்டின் இறுதியில் மூன்றாம் தலைமுறைத் தொடர்பலை நிறுத்தப்பெற்றது. பழைய கைப்பேசி வைத்திருந்தோர் புதியது வாங்கியாக வேண்டியதாயிற்று. சந்தைக்குள் நுழைவதற்கே ஒரு விலை உண்டென்பதை ஏழைக் குடும்பங்கள் அன்று உணர்ந்தன.

வீட்டு எண் இல்லாத முகவரி

முன்னாள் தோட்டமக்கள் சந்தித்த முதற்பெருந்தடை, முகவரி. தோட்டக் காலத்தில் கடிதங்கள் அலுவலகத்திற்கே வந்தன. கிராணி பெயர் பார்த்துப் பகிர்ந்தளித்தார். தோட்டம் விற்கப்பெற்று அலுவலகம் மூடப்பெற்றதும் அம்முகவரியும் மறைந்தது. லயத்திற்குத் தெருப்பெயர் இல்லை. பல வீடுகளுக்கு அஞ்சல்துறை அறிந்த எண்ணும் இல்லை. செயலியோ கட்டம் கட்டமாக எண்ணும் தெருவும் கேட்கிறது. அனுப்புகை இளைஞன் செம்பனை வரிசைகளுக்கிடையே திசை தடுமாறுகிறான். ஆகவே கோவில் வாயிலையோ, சாலையோரக் கடையையோ, நகரிலுள்ள உறவினர் வீட்டையோ முகவரியாகத் தருவது வழக்கமாயிற்று.

இது சிறிய இடர்போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் பெரியது. முகவரி இல்லாதவன் வாங்குவதற்கு மட்டும் இடர்ப்படுவதில்லை. வங்கிக்கும், உதவித்தொகைக்கும், பள்ளிக்கும் விண்ணப்பிக்க இடர்ப்படுகிறான். நூறாண்டு உழைத்து மண்ணைச் செல்வமாக்கியோரின் வழித்தோன்றல்கள், தம் பெயருக்கு ஒரு பொதி வந்து சேர ஓர் எண் இல்லாமல் நிற்கும் நிலையை இயங்கலை வாணிகம் வெளிச்சமிட்டுக் காட்டிற்று.

விற்போராகவும் எழுந்தோர்

வாங்குவோராக மட்டும் இருந்த தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து விற்போர் தோன்றியது இக்காலத்தின் நற்செய்தி. பால்வெட்டிய பாட்டியின் கைப்பக்குவத்தில் பேத்தி முறுக்கும் அதிரசமும் செய்து கைப்பேசியில் விற்கிறாள். வீட்டு முன்கூடத்தில் விளக்கமைத்துச் சேலைகளை விரித்து நேரலையில் விலை கூறும் பெண்கள் பலர். முதலுக்குக் கடை வாடகையோ, முன்பணமோ தேவைப்படவில்லை. வீட்டை விட்டகல இயலாத தாய்மார்க்கு இது பெரும் வாயில்.

ஆனால் வாயில் திறந்தது அவர்களுக்கு மட்டுமன்று. எல்லைக்கு அப்பாலுள்ள ஆலைகளும் அதே திரையில் கடை விரித்தன. 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொதிகள் நெடுங்காலம் வரியின்றி வந்தன. உள்ளூர்க் கடைக்காரர் வாடகையும், ஊதியமும், வரியும் செலுத்தி அவற்றோடு போட்டியிட வேண்டியிருந்தது. 2024 சனவரி முதல் இத்தகைய பொதிகளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்பெற்றது. இவ்வரி உள்ளூர் வாணிகர்க்குச் சற்றே மூச்சு விட இடம் தந்ததாயினும், ஏழை வாங்குவோனுக்கு விலையை ஏற்றிற்று. லகாட் சாலைக் கடைக்காரரும் குடியிருப்பிலுள்ள தாயும் ஒரே சமுதாயத்தினர். ஒருவர் நலம் மற்றவர் சுமையாவது இக்காலத்தின் சிக்கல்.

மோசடியும் முறையீடும்

முகம் அறியா வாணிகத்தில் ஏமாற்றுக்கு இடம் மிகுதி. படத்தில் பட்டு, பொதியில் நூல். கேட்காத பொதி வீடு தேடி வர, மகளோ மகனோ வாங்கியதென எண்ணி முதியவர் பணம் கொடுத்துவிடுகிறார். பொதி சுங்கத்தில் சிக்கியதென்று தொலைபேசியில் மிரட்டிச் சேமிப்பைப் பறிப்போரும் உளர். மலாயோ ஆங்கிலமோ தட்டுத் தடுமாறிப் படிக்கும் முதியோர்க்குச் செயலியின் எச்சரிக்கைகள் பயன்படுவதில்லை.

சட்டம் இங்கும் பின்தங்கியே வந்தது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் மின்வழி வாணிகத்தைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தமே அக்குறையைப் போக்கிற்று. 2012ஆம் ஆண்டு விதிகள், விற்பவர் தம் பெயர், பதிவெண், தொடர்பு முகவரி, பொருளின் தன்மை, அனுப்புகைச் செலவு உட்பட்ட முழு விலை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டுமென வலியுறுத்தின. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே சிறு கட்டணத்தில் முறையிடலாம். அதன் வரம்பு இப்போது 50,000 ரிங்கிட். மோசடியில் பணம் இழந்தோர் உடனே அழைப்பதற்கென 997 என்னும் எண் 2022 அக்டோபரில் நிறுவப்பெற்றது.

உரிமை ஏட்டில் இருப்பது ஒன்று. அதைக் கையில் எடுப்பது மற்றொன்று. 40 ரிங்கிட் சேலைக்காக ஒருநாள் கூலியை இழந்து ஈப்போவிற்குப் பேருந்தேறி மலாய் மொழியில் படிவம் நிரப்ப எத்தனை பேர் முன்வருவர்? 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் இதழ் நடத்திப் பயனீட்டாளர் உரிமையை எளிய மக்களிடம் கொண்டுசென்றது. அத்தகைய பணி கைப்பேசிக் காலத்தில் முன்னினும் பன்மடங்கு தேவைப்படுகிறது.

மீண்டும் பற்றேடு

யாவற்றினும் கருதத்தக்கது கடன். 'இப்போது வாங்கு, பிறகு செலுத்து' என்று செயலிகள் அழைக்கின்றன. விரல் ஒருமுறை தொட்டால் பொருள் வந்துவிடும். தவணைகள் மாதந்தோறும் வரும். ஒரு செயலியில் ஒன்று, மற்றொன்றில் இரண்டு எனக் கடன் சிதறிக் கிடப்பதால் மொத்தம் எவ்வளவு என்பது வாங்கியவனுக்கே தெரியாமற் போகிறது. 2025இல் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் மசோதா இத்தகைய கடன்களையும் ஒழுங்கிற்குள் கொண்டுவர வழிவகுத்தது. 1955இல் கூலிக்குக் கிடைத்த பாதுகாப்பைப் போன்றதொரு பாதுகாப்பு, எழுபதாண்டுகள் கழித்து இன்னொரு வடிவில் தேவைப்பட்டிருக்கிறது.

தோட்டத்துக் கடையின் பற்றேடும் செயலியின் கணக்கும் வடிவில் வேறு, இயல்பில் உறவினர். இரண்டிலும் பொருள் முன்னே வருகிறது, பணம் பின்னே போகிறது. இரண்டிலும் ஏட்டை வைத்திருப்பவன் விற்பவனே. அன்று எழுத்தறியாமையால் தொழிலாளி தன் கணக்கைத் தானே படிக்க இயலவில்லை. இன்று அவன் பேரன் எழுத்தறிவான். ஆனால் நிபந்தனைகளின் நீளத்தையும் தாமதக் கட்டணத்தின் கூட்டலையும் படிக்க அவனுக்குப் பொறுமையும் பயிற்சியும் இல்லை.

பழங்கடையை எண்ணிப் பெருமூச்சு விடுவதால் பயனில்லை, அது திரும்பப்போவதுமில்லை. திரும்ப வேண்டியதும் இல்லை. வேண்டுவன மூன்று. ஒவ்வொரு முன்னாள் தோட்டக் குடியிருப்பிற்கும் அரசும் ஊராட்சியும் ஏற்கும் முகவரி வேண்டும். முதியோர்க்குத் தமிழில் விளக்கிச் சொல்லக் கோவில்களும் பொது இயக்கங்களும் முன்வர வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர் கணக்குப் பாடத்தில் வட்டியைக் கற்கும் நாளிலேயே, வீட்டிலுள்ள கைப்பேசித் தவணைகளைக் கூட்டிப் பார்க்கவும் கற்க வேண்டும்.

சம்பள நாளன்று பாட்டனின் கூலி அவன் கையில் நில்லாமற் போனதற்குக் காரணம், அவன் கணக்கை வேறொருவன் எழுதியதே. அந்த ஏட்டைப் படிக்கும் ஆற்றலும், தவறெனின் எதிர்த்துக் கேட்கும் துணிவும் பேரனிடம் சேரும்போதுதான் செம்மண் பாதையில் வரும் பொதி உண்மையான வளர்ச்சியின் அடையாளமாகும்.